வினாத்தாளுக்குக் காய்ச்சல் வராது

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீங்களும் போன் செய்ய வேண்டாம்.

மேற்படிப்பு நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதுவதில் அர்த்தம் இல்லை என்று தோன்றுகிறது. அக்கா வீட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கென்று தனி அறை, தனி மேசை. அக்கா வீட்டுக்காரர் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார். படிக்கிறேன், புரிகிறது. ஆனாலும் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுகளில் போன முறை வாங்கிய அதே மதிப்பெண்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

மதிப்பெண் எங்கே போகிறது என்பதும் தெரியும். நன்றாகத் தெரிந்தவற்றுக்குச் சரியாக விடையளிக்கிறேன். சந்தேகமானவற்றை விட்டுவிடுகிறேன். நான்கு விடைகளில் இரண்டு தவறு என்று உறுதியாக அடித்துவிட முடிகிறது. மீதி இரண்டில் எது என்று தெரியாவிட்டால் வட்டத்தைக் கருப்பாக்கக் கை வரமாட்டேன் என்கிறது. தவறுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையாவது போட்டுத் தொலையுங்கள் என்று ஆசிரியர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் பழகிய கை இது. சீட்டில் எழுத்துப் புரியாவிட்டால் மருந்து கொடுக்கக் கூடாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்காக வாலுவை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய நாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் கவுன்டருக்குப் போய்விடுகிறேன். வாலுவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


அன்புள்ள மருந்துக்காரம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். போன் செய்யக் கூடாது என்று உத்தரவு. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பற்றி உன் அபிப்பிராயம் தெரியும். முடிந்தவரை குண்டு குண்டாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். சமையல் நடக்கிறது. உப்பை இன்னமும் கண்ணளவில்தான் போடுகிறேன், ஒரு நாள் தூக்கல், ஒரு நாள் சப்பை. நீயாக இருந்தால் உப்பு டப்பாவின் பெயரை எடுக்கும்போது ஒருமுறை, போடும்போது ஒருமுறை, மூடும்போது ஒருமுறை படித்திருப்பாய். அந்தப் பழக்கம் வாலுவைப் பிடித்துக்கொண்டது. பற்பசையின் பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறாள். இருக்கிற பல்லும் விழுவதற்குள் தேய்த்து முடிடீ என்று கத்த வேண்டியிருக்கிறது.

என் தொழிலில் போன வாரம் மானம் போனது. ஓர் அலுவலகத்தில் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். சத்தத்தைக் கேட்டதுமே கேஸ் இறங்கிவிட்டது என்று அடித்துச் சொன்னேன், அதுவும் மானேஜர் முன்னால். திறந்து பார்த்தால் எலி ஒயரைக் கடித்துவிட்டு உள்ளேயே செத்துக் கிடக்கிறது. ‘ஏம்ப்பா, எலிக்கும் சேத்துக் கேஸ் அடிக்கணுமா?’ என்று கேட்டார் மானேஜர். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஒயரை மாற்றினேன், குளிர்ந்தது. நான் தப்பாகச் சொன்னதால் யாரும் சாகவில்லை. எலிகூட அதற்கு முன்பே போய்விட்டது.

உன் வேலை அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். கவுன்டரில் நீ குத்துமதிப்பாக மருந்து எடுத்துக் கொடுத்தால் நானே உன்னைச் சும்மா விடமாட்டேன். ஆனால் வினாத்தாளுக்குக் காய்ச்சல் வராது அம்மா. நீ தப்பான வட்டத்தைக் கருப்பாக்கினால் யாருக்கும் வாந்தி வரப்போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கவுன்டர் தோழி வாலுவைப் பார்க்க வந்திருந்தாள். போன வருடம் குழந்தைக்குப் பெரியவர்கள் அளவில் மருந்து எழுதிய சீட்டு வந்ததே, அந்தப் பேச்சு வந்தது. நீ போன் செய்தாய். ‘கவுன்டர்ல இருக்கறவங்க கவுன்டர் வேலைய மட்டும் பாருங்க’ என்றார் டாக்டர். நீ சீட்டோடு மாடி ஏறிப் போய் அவர் முன்னால் நின்றாய். கடைசியில் அளவை அடித்துத் திருத்திக் கொடுத்தார். அன்றைக்குத்தான் நீ மேற்படிப்பு என்ற பேச்சையே எடுத்தாய். அதைப் படித்தால் வார்டுக்குள்ளேயே டாக்டர்களோடு நின்று, எழுதும்போதே சொல்லலாம், அப்போது யாரும் கவுன்டருக்குப் போ என்று சொல்ல முடியாது என்றாய். எனக்கு மறக்கவில்லை.

இந்த மாதமும் அதே மாதிரி ஒரு சீட்டு வந்ததாம். உன் தோழி போன் செய்திருக்கிறாள், அதே பதில்தான். அவள் மருந்து கொடுக்கவில்லை, மாடி ஏறவும் தைரியம் வரவில்லை. அந்தத் தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு டாக்டர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். நீ எப்போது திரும்பி வருவாய் என்று உன் தோழி கேட்பாள் என நினைத்தேன். ‘எழுதாம மட்டும் வந்துடாதடீன்னு சொல்லுங்கண்ணே’ என்றாள்.

இன்னொன்று. படித்ததும் பையைத் தூக்காதே. போன மாதம் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டே நாளில் சரியாகிவிட்டது, இப்போது கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்தான். பழைய ஆளாக இருந்தால் பாட்டிலைச் சாய்த்து ஒரு மடக்கு ஊற்றியிருப்பேன். அன்றைக்கு என் கை போகவில்லை. பெயரைப் படித்தேன், தேதியைப் பார்த்தேன், மறுபடி பெயரைப் படித்தேன். அப்போதும் மனசு கேட்காமல் உன் தோழியைப் போனில் பிடித்து, வாலுவின் எடையைச் சொல்லி அளவைச் சரிபார்த்தேன். பிறகு அளவு மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஊற்றினேன். ‘அப்பா, நீ அம்மா மாதிரியே பண்ற’ என்று அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள்.

பிறந்ததிலிருந்து குத்துமதிப்பிலேயே காலம் தள்ளியவன் நான். உன்னோடு குடித்தனம் செய்து என் கை மாறிவிட்டது. என்னோடு குடித்தனம் செய்த உன் கை ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு மாறக் கூடாதா?

ஊகிக்க உனக்கு வராது, சரி. ஆனால் தெளிவாக எழுதிய சீட்டை நீ தட்டியதே இல்லை. அதனால் நானே ஒரு சீட்டு எழுதுகிறேன். எந்த விடையைப் போடலாம் என்று வாலுவிடம் கேட்டேன். ‘மேல இருக்கறதப் போடச் சொல்லு. அதுதானே மொதல்ல வந்து நிக்குது, பாவம்’ என்றாள். பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். எனவே: இரண்டு விடைகள் மிஞ்சினால், மேலே இருப்பது. ஒரு கேள்விக்கு ஒரு வேளை. ஒன்றையும் விடக் கூடாது. எழுத்து புரியவில்லை என்று நீ திருப்பி அனுப்ப முடியாது, எழுதிவிட்டு மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

நீ தேறிவிட்டால் இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது உன்னைப் போட்டு அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்களும் வந்துவிடுகிறோம். வெயில் எல்லா ஊரிலும் அடிக்கிறது, ஏசியும் எல்லா ஊரிலும் ரிப்பேராகிறது. வாலுவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமலா போகும்? தேறாவிட்டாலும் குடி முழுகிப் போகாது, உன் கவுன்டர் இருக்கிறது. எழுதாமல் விட்டால்தான் எனக்கு ஆறாது. உனக்கும் ஆறாது.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. சனிக்கிழமை நீ வந்து மணியடித்தால் கதவைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். என்னால் ஆகாது. முதல் மணிக்கே ஓடிவந்து திறந்துவிடுவேன். வாலு எனக்கு முன்னால் ஓடுவாள். ஏன் எழுதாமல் வந்தாய் என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்கவும் எனக்கு வாய் வராது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே. நல்லபடியாக எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வா. கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் குத்துமதிப்புக்காரன்