வலது சக்கரத்தையும் திறக்கச் சொன்னேன்

சங்கரன்கோவில்
நோன்பு மாதம், செவ்வாய்க்கிழமை

சவூதியில் தம்மாமில் இருக்கும் என் மகன் முகம்மது யூசுபுக்கு, உம்மா மைமூனம்மாள் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ நோய் நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். கேட்டு முடித்துவிட்டுத்தான் இந்தக் கோபத்தை எழுத உட்கார்ந்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் 'உம்மா, டியூட்டி இருக்கு, பொறவு பேசுதேன்' என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அங்கேயே கிடந்து உன்னைப் பார்க்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். சொல்லும் விஷயம் நேரானது. பக்கத்து வீட்டு முகம்மது சாதிக் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் நம் லாரி. டிரைவர் ஏசுவடியான் குடித்துவிட்டு ஓட்டினான், அதனால்தான் ஆரியங்காவு மலையில் இடது முன்சக்கரம் எரிந்தது என்று, வண்டியைப் பார்த்துக்கொள்ள நீ வைத்திருக்கும் உன் மச்சான் பர்ஹத் சொன்னான். நீ நம்பினாய். ஏசுவடியானை வேலையை விட்டு நிறுத்தினாய். லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் பர்ஹத்திடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. உன் பெண்டாட்டி நஸ்ரின் பானு கடையநல்லூரிலிருந்து வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தன் தம்பி செய்வதெல்லாம் சரி என்று நினைப்பவள், இதையும் சரி என்று நினைத்தே சொன்னாள்.

பர்ஹத் உனக்கு ஒரு வீடியோ அனுப்பினானாமே. நானும் பார்த்தேன். அதில் சக்கரத்திலிருந்து புகை வருவது தெரியும். நட்டை யார் இறுக்கியது என்று தெரியாது.

அது எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றேன்.

முன்சக்கரம் திறக்கிற அன்று நான் பட்டறைக்குப் போவேன் என்பது உனக்குத் தெரியும். ரேடியேட்டர் வெந்நீர் கொட்டி உன் வாப்பா கை வெந்து கிடந்த காலத்தில், பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்தது என் உள்ளங்கைதான். சக்கரம் எரிந்ததற்கு முந்தின நாளும் போனேன். மிஸ்திரி லிங்கேஷ் இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றி, பேரிங்கை டீசலில் கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டினான். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினான். சக்கரம் கனத்ததும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். அதுதான் முறை. நட்டு கழலாமலிருக்கப் பூட்டுப் பின் மாட்டப் போகிற நேரத்தில் பர்ஹத் வந்தான். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். லேசாக ஆடியது.

'என்னவே, வேலை முடிஞ்சும் ஆடுது? என் பைக் வீல் இப்பிடியா ஆடுது? இறுக்கும்' என்றான். லிங்கேஷ், 'பாய், லாரிக்கு ஒரு மயிரிழை ஆடணும். ஓடிச் சூடேறுனா பேரிங் விரியும், அதுக்கு எடம் வேணும்லா' என்று சொல்லிப் பார்த்தான். 'யூசுபு மச்சானுக்கு நாந்தான் பதில் சொல்லணும், நீரு இறுக்கும்' என்றான் இவன். 'ஏலே, மிஸ்திரி சொல்லுததைக் கேளு' என்றேன். 'மாமி, இதுல ஒங்களுக்கு என்ன தெரியும், போய் நெழல்ல உக்காருங்க' என்றான். நான் உட்காரவில்லை. வெயிலிலேயே நின்று அவன் இரண்டு சக்கரத்தையும் இறுக்க வைத்ததைப் பார்த்தேன்.

ஏசுவடியான் அப்போது அங்கே இல்லை. மறுநாள் காலையில் வண்டியை எடுத்து, புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் புறப்பட்டான். தென்காசி தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று பர்ஹத்துக்குப் போன் போட்டிருக்கிறான். 'சும்மா சாக்குச் சொல்லாதேரும், ஓட்டும்' என்றானாம். மலையேறும்போது தீய்ந்த வாடை வந்திருக்கிறது. மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான். மறுபக்கம் பாதாளம். குடித்தவனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

அவன் குடிக்கிறவன்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் வேதத்துத் தவக்காலமான லெந்து நாள் தொடங்கினால் ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டான். இந்த வருஷம் நமக்கு நோன்பு பிறந்ததும் அவர்களுக்கு லெந்து வந்ததும் ஒன்றாகத்தான். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும்போது அவன் சாராயம் குடித்தான் என்று என்னிடமே கதை சொல்கிறார்கள்.

உம்மாவுக்கு ஏன் ஏசுவடியான் மேல் இவ்வளவு பாசம் என்று நினைக்காதே. பாசம் ஒன்றும் இல்லை. உன் வாப்பா மௌத்தாகி அடக்கமான அன்று அவன் கொச்சிக்கு லோடு கொண்டுபோனான். பாதி வழியில் செய்தி தெரிந்தும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வந்து, 'சரக்கு அழுகிரும்னு போயிட்டேன் ஆச்சி' என்று தலையைச் சொறிந்தான். அவன் போட்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அவனிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. என் கோபத்தை நானே பார்த்துக்கொள்வேன். அவன் செய்யாததை அவன் தலையில் கட்டி எனக்கு யாரும் ஒத்தாசை பண்ண வேண்டாம்.

பாங்கு சொல்லப் போகிறார்கள். கஞ்சி ஆறுகிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

நேற்று பட்டறைக்குப் போனேன். மலையிலிருந்து இழுத்து வந்த வண்டி அங்கேதான் நிற்கிறது. இடது சக்கரத்தைத் திறந்தார்கள். பேரிங் சூட்டில் மயில் கழுத்து மாதிரி நீலம் பாய்ந்து கிடந்தது. கிரீஸ் உருகி ஓடி பிரேக் கட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அச்சு பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

லிங்கேஷ் புது பேரிங்கைக் கையில் எடுத்தான். 'அதை வச்சிட்டு மொதல்ல வலது சக்கரத்தைத் திற' என்றேன். 'ஆச்சி, அதுல ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் இல்லியே' என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பர்ஹத் மூலமாக நாலு வண்டி வேலைக்கு வருகிறது, வாயைத் திறக்கப் பயம். 'நோன்பு வாயோட சொல்லுதேன், திற' என்றேன்.

ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். ஒரு சுற்றுகூட வரவில்லை, நின்றுவிட்டது. நட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்க வேண்டியிருந்தது. உள்ளே கிரீஸ் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் இதுவும் எரிந்திருக்கும், அதுவும் இறக்கத்தில்.

அந்த நேரம் பர்ஹத் பைக்கில் வந்து இறங்கினான், இரும்புக் கடைக்காரனையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. 'மாமி, நல்லா இருக்குத சக்கரத்தை ஏன் பிரிக்கிய?' என்றான். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி நான் கேட்டேன்: 'இடது சக்கரம் டிரைவர் குடிச்சதால எரிஞ்சுதுன்னு சொன்னியே, வலது சக்கரம் யாரு குடிச்சதால கருகிச்சு?'

இரும்புக் கடைக்காரன் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் திரும்பவில்லை. பர்ஹத் போனை எடுத்துப் பார்த்தான், பையில் போட்டான். இதற்கு வீடியோ எடுக்கவில்லை. பிறகு மெல்ல, 'நல்லதுக்குத்தான் மாமி இறுக்கச் சொன்னேன்' என்றான். அதை நான் நம்புகிறேன், நீயும் நம்பு. தெரியாமல் செய்தான். தெரிந்த பிறகு இன்னொருத்தன் பேரைச் சொன்னானே, அதைத்தான் நான் மறக்கமாட்டேன். உங்கள் கலியாணப் பந்தலில் வைத்து நம் லாரியைத் தகர டப்பா என்று சொன்னவன் அவன். அதையே நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பக்கமும் முறையாக வேலை நடந்தது. லிங்கேஷ் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கை அதில் குத்திக் குத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அடைத்தான். 'நோன்பும் வச்சிக்கிட்டு இந்த நாத்தத்துல எதுக்கு ஆச்சி உக்காந்திருக்கிய?' என்றான். 'நீ யாரு பேச்சைக் கேட்டு நட்டு முடுக்குதேன்னு பாக்கத்தான்' என்றேன். சிரித்துவிட்டான். இறுக்கி, தளர்த்தி, புது சீல், புது பின் போட்டான். எழுந்துபோய் நானே டயரைப் பிடித்து ஆட்டினேன். ஆட வேண்டிய அளவு ஆடியது.

சாவியை எடுத்துக்கொண்டு ஏசுவடியான் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். ஆமாம், நான்தான் போனேன். அவன் பெண்டாட்டி பொன்செல்வி என்னைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவன் எழுந்து நின்றான், உட்காரச் சொன்னான். நான் நின்றுகொண்டே நடந்ததைச் சொல்லிச் சாவியை நீட்டினேன்.

வாங்கவில்லை. 'ஆச்சி, நீங்க எங்க வீட்டுப் படி ஏறினதே பெரிசு. ஆனா போன்னு சொன்னது யூசுபு. வான்னு சொல்லவேண்டியதும் யூசுபுதான்' என்றான். உன்னைப் போனில் கூப்பிட வைக்கிறேன் என்றேன். அப்போதுதான் பொன்செல்வி அந்தச் சேதியைச் சொன்னாள். நீ அவனை நிறுத்திய அன்று, பர்ஹத் லாரி ஸ்டாண்டின் நடுவில் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டானாமே. 'குடிகாரப் பயலை இனி என் வண்டியில ஏத்தாத' என்று நீ சொன்னது அங்கே இருந்த எல்லா டிரைவர் காதிலும் விழுந்திருக்கிறது. அதிலிருந்து ஒருத்தரும் அவனை வண்டிக்குக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கமே போகாமல் வீட்டில் கிடக்கிறான். உன்னைக் கேபினில் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியவன்.

ஸ்பீக்கர் போட்டது உனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்து பேசியிருக்கமாட்டாய் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். லாரி என் பேரில் இருக்கிறது. இரும்புக்கு விற்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். யார் பேனா கொடுத்தாலும் போடமாட்டேன். பர்ஹத் இனி அந்த வண்டியைத் தொடக் கூடாது. எரிந்த பேரிங்கைத் துடைத்து, பழைய துணியில் சுற்றி, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு சாதிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டால் அவன் முழிப்பான், முழிக்கட்டும். நீ கையில் எடுத்துப் பார். அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, அது யார் செய்த வேலை என்று நீயே சொல்.

திங்கட்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஏசுவடியானை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நோன்பு மாதம் உனக்கு டியூட்டி சீக்கிரம் முடியும் என்று நீயே சொன்னாய், அதனால் சாக்குச் சொல்லாதே. அவன் போனுக்குக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்லு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன், உனக்கு வாய் இருக்கிறது. நீ கூப்பிடாவிட்டால் நான் பேசுவேன். டிரைவர்களுக்கு நடுவில் நின்று, யூசுபைப் பெற்றவள் பேசுகிறேன் என்று சொல்லித்தான் பேசுவேன். பிறகு வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் வராதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். நோன்பு திறக்கும்போது வெறும் வயிற்றில் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. பெருநாளைக்கு லீவு கிடைக்காது என்று நஸ்ரின் சொன்னாள். சரி. நீ வர முடியாத ஊருக்கு உன் குரலாவது நல்லபடியாக வந்து சேரட்டும். எனக்குப் போன் பண்ண வேண்டாம் மக்கா. அவனுக்குப் பண்ணு.

இப்படிக்கு,
உன் உம்மா
மைமூனம்மாள்