நைலாவுக்குப் பள்ளி பார்த்த குளிர்காலம்

நவம்பர் 14
இன்றும் ஒரு கூட்டத்துக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டினேன். இந்த வில்லோ கார்டன் பள்ளியில் என் வேலை முன்மேசையில் உட்கார்ந்து போனை எடுப்பது. சேர்க்கைக் காலம் வந்தால் மட்டும் எனக்கு ஒரு பச்சைச் சட்டை மாட்டி வழிகாட்டி ஆக்கிவிடுவார்கள். பெற்றோரும் ஏதோ வீடு வாங்க வந்தவர்கள் மாதிரி சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கோழிக்கூட்டைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் மூளை கழன்றுவிடுகிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் கோழியா! ஒரு கோழி போன வாரம் செத்துவிட்டது. கேட்டவர்களிடம் ஓய்வில் இருக்கிறது என்றேன். பொய் இல்லை.

வாஷிங்டனில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் பள்ளி இலவசம். ஆனால் எங்களுடையது போல அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளி என்றால் குலுக்கல். பன்னிரண்டு பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வருடம் நாங்களும் பார்க்கப்போகிறோம். எங்கள் மகள் நைலாவுக்கு மூன்று ஆகப்போகிறது.

அவள் பேசுவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது. ஐஸ்கிரீம் டப்பா திறக்கும் சத்தம் அடுத்த தெருவில் வந்தாலும் கேட்கிறது. ஆனால் "ம்ம்", "பா" இரண்டைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. நன்றாகப் பேச்சுப் பயிற்சி கிடைக்கிற பள்ளியாகப் பாருங்கள் என்றார் டாக்டர்.

என் கணவன் லமாண்டுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "உன் பள்ளியிலயே போட்ரலாம் ரெனெல். அங்க வேலை பாக்கறவங்க பிள்ளைக்கு முன்னுரிமை. பள்ளியோட மார்க்கும் நல்லா இருக்கு. கோழி வேற இருக்கு."

கோழி இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வாரத்தில் ஒரு நாள்தான்.

நவம்பர் 21
ஸ்பானிஷ் பள்ளி. பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ். வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லதுதான், இனிமே ரெண்டு மொழியில பேசாம இருப்பா" என்றான் லமாண்ட். இவனை ஏன் கட்டிக்கொண்டேன் என்பது இப்படிச் சில நேரம் நினைவுக்கு வரும்.

சுற்றிக் காட்டிய பெண் என்னைப் போலவே சிரித்தாள். என் மகள் இன்னும் பேசவில்லை என்றதும் சிரிப்பு அப்படியே நின்றது, வாய் மட்டும் பேசியது. "எல்லாக் குழந்தைகளையும் வரவேற்கிறோம். ஆனா உங்க மகளுக்கு எந்த இடம் பொருந்தும்னு நீங்களே நிதானமா யோசிச்சுப் பாருங்க."

இது எங்கள் பள்ளி வாக்கியம் அல்லவா? எழுத்து மாறாமல் இதைத்தானே தலைமையாசிரியை மிஸ் விட்லாக் எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்? எல்லாரும் ஒரே கடையில் வாங்குகிறார்களா?

டிசம்பர் 5
மாண்டிசோரி பள்ளி. எல்லாமே மரம். எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள். ஒரு பையன் வாழைப்பழத்தை வெட்டுகிறான், வெட்டுகிறான், நாங்கள் கிளம்பும்வரை வெட்டிக்கொண்டிருந்தான். நைலா மரக்கட்டைக் கோபுரத்தை ஒரே உதையில் சாய்த்தாள். அந்தக் கட்டடத்தில் அன்று கேட்ட ஒரே சத்தம். நான் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே வாக்கியம் வந்துவிட்டது.

டிசம்பர் 6
இன்று எந்தப் பள்ளியும் பார்க்கவில்லை. இரவு மம்போ சாஸ் ஊற்றிக் கோழி இறக்கை சாப்பிட்டோம். பழிவாங்கல் அல்ல.

ஜனவரி 16
பென்னிங் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கிறது. தரை கழுவும் மருந்தும் உருளை வறுவலும் கலந்த வாசனை. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. விளையாட்டு மைதானம் என்றால் வேலி போட்ட கார் நிறுத்துமிடம். சுற்றிக் காட்ட வேண்டியவர் வரவே இல்லை. நானே கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே மிஸ் பர்னெல் என்ற ஆசிரியை, நல்ல கனத்த உடம்பு, தரையில் நீட்டிப் படுத்திருந்தார். பிள்ளைகள் அவர் வயிற்றின் மேல் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே பேசினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏதாவது வேணும்னா எப்படிம்மா கேப்பா?" என்றார்.

என் விரலைப் பிடித்து இழுப்பாள் என்றேன்.

"அப்ப பேசறா. மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஆக்கணும், அவ்வளவுதான்."

பேச்சுப் பயிற்சியாளர் தினமும் அங்கேயே இருக்கிறாராம். மூலையில் ஒரு பையனோடு சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தார். வாக்கியம் வரும் வரும் என்று வாசல்வரை காத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸில் அழுதேன், எதுக்குன்னே தெரியல.

லமாண்ட் போனில் அந்தப் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்தான். அப்புறம் படத்தைப் பார்த்தான். ஜெயில் கூட இதைவிட வெளிச்சமா இருக்கும் என்றான்.

பிப்ரவரி 11
செய்துவிட்டேன்.

இன்றைய கூட்டத்தில் ஒரு டாக்சி ஓட்டுநர், டெஸ்ஃபாயே என்று பெயர். மிஸ் விட்லாக் என் பின்னாலேயே நிற்கிறார். இந்த மனிதர் எல்லார் முன்னாலும் கேட்டார். "என் பையனுக்கு நாலு ஆகப்போகுது. இன்னும் பேச்சு வரல. சேத்துக்குவீங்களா?"

வாக்கியத்துக்காக வாயைத் திறந்தேன். வரல. சத்தியமா வரல. அந்தாளு தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டுக் கேக்கறாரு, நான் என்ன சொல்ல?

"சேத்துதான் ஆகணும் சார். குலுக்கல்ல பேர் வந்தா வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. ஆனா பேச்சுக்கு ஆள் வாரம் ஒரு நாள்தான் வர்றாங்க. சேத்துட்டு, பத்தலன்னு கேளுங்க. விடாம கேளுங்க."

"சரி, கோழி பாக்கலாம் வாங்க" என்றேன்.

பிறகு அறைக்கு அழைப்பு. மிஸ் விட்லாக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் யாரையும் துரத்தல, ரெனெல். அரைகுறையா ஒரு பிள்ளையை வெச்சிருக்கறதைவிட வேற இடம் காட்டறது நல்லதுன்னு நெனக்கறேன்."

"எல்லாருமே வேற இடம்தான் காட்டறாங்க மிஸ் விட்லாக். நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நாளையிலிருந்து நான் சுற்றிக் காட்ட வேண்டாம். பச்சைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோழிக்கூட்டைக் கழுவ ஆள் இல்லையாம்.

பிப்ரவரி 13
கழுவினேன். மிச்சக் கோழிகளும் ஓய்வுக்கு ஆசைப்படுவதாகத் தெரிகிறது.

மார்ச் 1
வரிசை போட்டாக வேண்டும். பெரிய சண்டை. உன் வேலைக்கே உலை வைத்துக்கொண்டாய், இப்போது பிள்ளையையும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறாய் என்றான் லமாண்ட். மெட்ரோவில் எஸ்கலேட்டர் ரிப்பேர் பார்ப்பவன் நீ, ஊரில் ஒன்றாவது ஓடுகிறதா, நீ ஒழுகுகிற கூரையைப் பேசுகிறாயே என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சோபாவில் படுத்துக்கொண்டான். அவனுக்கும் பயம்தான். நான் மட்டுமா பயப்படுறேன்?

மார்ச் 3
இன்று கடைசி நாள். மதியம் லமாண்ட் யாரிடமும் சொல்லாமல் அந்த அடித்தளப் பள்ளிக்குப் போயிருக்கிறான். முதுகெல்லாம் தூசியோடு வந்து நின்றான்.

"அந்தம்மா என்னையும் தரையில படுக்கச் சொல்லிட்டாங்க."

"படுத்தியா?"

"ஒரு பொண்ணு என் மூக்கு மேல லாரி ஏத்துனா." முதுகுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "முதல் இடத்துல அதையே போடு."

மார்ச் 28
முடிவு வந்தது. கேட்டது கிடைத்தது. வேறு யாரும் அதை முதலில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஊரே குலுங்குகிற குலுக்கலில் நாங்கள் சும்மா நடந்து உள்ளே போய்விட்டோம்.

வில்லோ கார்டனுக்கு வந்த பெயர்களில் டெஸ்ஃபாயேவின் மகனும் உண்டு. மிஸ் விட்லாக் அந்தப் பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன். மணி அடிக்கவில்லை, இருந்தாலும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 26
முதல் நாள். நைலா என்னைக் கடித்தாள். லமாண்டைக் கடித்தாள். மிஸ் பர்னெலைக் கடிக்கவில்லை.

செப்டம்பர் 18
டெஸ்ஃபாயே இன்றும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "விடாம கேக்கச் சொன்னீங்களே." தலைமையாசிரியை அறைக்கு வழி காட்டினேன். இப்போது அவருக்கு வழி நன்றாகவே தெரியும்.

அக்டோபர் 2
பேச்சுப் பயிற்சியாளர் இனி எங்கள் பள்ளிக்குத் தினமும் வருவார். மிஸ் விட்லாக் என் மேசையைக் கடக்கும்போது நிற்காமல் சொன்னார். "இப்ப திருப்தியா?" கோபமா, கிண்டலா, தெரியவில்லை. திருப்திதான் என்றேன்.

அக்டோபர் 9
சாயங்காலம் அழைத்துவரப் போனபோது மிஸ் பர்னெல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஒரு புகார் என்றார். மதியம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் நைலா பக்கத்துப் பாயில் படுப்பவர்களை நிம்மதியாக இருக்க விடுவதில்லையாம். "தள்ளு, தள்ளுன்னு ஒரே அதட்டல். கொஞ்சம் சொல்லி வைங்கம்மா."

நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, கண்டிக்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குத்தான் இடம் கிடைத்தது, அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் என் பக்கத்து ஜன்னலோர ஆள் இறங்கினார். நைலா என் மடியை விட்டு இறங்கி நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தள்ளு."

தள்ளி உட்கார்ந்தேன்.