எல்லா அட்டையிலும் மாமா பெயர்

அன்புள்ள அக்கா மகளுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் இந்த வட்டாரத்து ஸ்கூட்டர் மெக்கானிக்குகளில் முதல்வனுமான உன் மாமா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் மெயிலில் எழுதுகிறேன் என்று பதறாதே. பதற ஒன்றுமில்லை.

நீ சொன்ன வேலைப் பட்டியல் செயலியை என் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். நீ அனுப்பிய வரிகளைக் கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக அடித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. இலவசம், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றாயே, நானும் திறந்து பார்த்தேன். இரண்டு இடம் சரியில்லை என்று பட்டது. பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

முதலில் கணக்குத் தொடங்குபவர்தான் நிர்வாகி என்று திரையே சொன்னது. ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டது போல. உன் அம்மாவின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, இதய டாக்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டை போட்டேன். ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் என் பெயர். கடைப் பலகையில் முதலாளி பெயர் இருப்பதில்லையா, அந்தக் கணக்குதான். டாக்டரிடம் கூட்டிப்போவது உன் அப்பா என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

உன் அப்பா திரையில் இருப்பதை நம்புகிற மனிதர். செவ்வாய்க்கிழமை இதய டாக்டர் அட்டையில் என் பெயர் இருப்பதைத் தன் போனில் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா புறப்பட்டு, பைலை மடியில் வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாரையும் கூப்பிடவில்லை. பிறகு தனியாக பஸ் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரிப் படியில் விழுந்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உட்கார்ந்தாள், கொஞ்சம் வேகமாக.

இப்போது அங்கேதான் படுக்கையில் இருக்கிறாள். இதயக் குழாயில் அடைப்பாம். திங்கட்கிழமை காலை ஆபரேஷன். இன்ஜினிலும் இப்படித்தான் அடைக்கும், சுத்தம் செய்தால் புதுசு மாதிரி ஓடும் என்று டாக்டருக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. “ஏம்ப்பா, உன் பேரைப் போட்டா நீதானே போகணும்?” என்று மட்டும் கேட்டார். பட்டறைக்கு வந்ததும் அட்டைகளில் பெயர்களை மாற்றினேன்: பகலுக்கு அவர், ராத்திரிக்கு நான். திங்கட்கிழமை அட்டையில் மட்டும் யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன்.

நேற்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அவகிட்ட மூச்சு விடாத தம்பி. இப்பதான் வேலைல சேர்ந்திருக்கா. போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. நான் நல்லா இருக்கேன், வர வேண்டாம்னு எழுதிடு.”

அக்கா சொல்லை நான் தட்டியதே கிடையாது. ஆகவே எழுதுகிறேன்: அம்மா நன்றாக இருக்கிறாள், நீ வர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எந்த ரயில் என்று மட்டும் சொல். எல்லா ரயிலுக்கும் வந்து நிற்பேன், ஆனாலும் சொல். பத்திரமாக வா, தாயே.

உன் மாமா