இரண்டு ரோஸ்டரும் நான் அடித்தவை

அன்பு ஸ்டனி அத்தானுக்கு,

நேற்று உங்கள் ஆண்டு நினைவுப் பூசை முடிந்தது. கொட்டாஞ்சேனைக் கோவிலில் பாதர் உங்கள் பெயரை வாசித்தபோது மெரீனா அக்கா தலை நிமிரவில்லை. ஷெனாலி மட்டும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் மகளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. "எங்கட மாமாதான் அப்பாவுக்காக விசாரணையில கதைச்சவர்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறாளாம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். பத்திரிகையில் வரட்டும். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாசிக்கட்டும்.

அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வெளியே, எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு தனியார் நிலையத்தில் நீங்கள் கொதிகலனை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் இயக்குநர். அங்கே எனக்கு அலுவலக வேலை வாங்கித் தந்ததும் நீங்கள்தான். உங்கள் வேலை முன்னர் நான்கு பேர் பார்த்தது. இரண்டு பேர் வெளிநாடு போனார்கள். அந்த இடங்களுக்கு யாரையும் எடுக்கவில்லை. மிஞ்சியது நீங்களும், நாங்கள் சிங்களத்தில் அண்ணன் என்று கூப்பிடும் சரத் அய்யேயும். ஆளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், லீவு நாள் கிடையாது. கடைசி வாரம் சரத் அய்யே டெங்குவில் படுத்தபோது உங்களுக்கு அது பதினாறானது; மிச்ச எட்டு மணித்தியாலம் கொதிகலனை அணைத்து வைத்தார்கள்.

வாராவாரம் யாருக்கு எந்த நேரம் வேலை என்ற ரோஸ்டரை அடித்தவன் நான். அடித்து, படம் எடுத்து, உங்கள் போனுக்கு அனுப்புவேன். நீங்கள் சரியென்று பெருவிரல் தூக்கிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவீர்கள். ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கலாமே, அத்தான்?

கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் நெருப்பைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு கருவி இருந்தது. அது காரணமில்லாமல் அடிக்கடி நிறுத்துகிறது, உற்பத்தி கெடுகிறது என்று, புதுப் பாகம் வரும்வரை அதைத் துண்டித்து வைத்தார்கள். பாகம் ஒரு வருடத்துக்கு மேலாகியும் வரவில்லை. அந்தக் கருவி பார்க்க வேண்டிய வேலையை உங்கள் கண்கள் பார்த்தன. அதைச் சரிபண்ணச் சொல்லி நீங்கள் மூன்று தரம் எழுதிக் கொடுத்தீர்கள். மூன்றையும் பைலில் போட்டவனும் நான்தான்.

அன்று காலை பத்து மணி. நல்ல வெயில். நான் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தபோது கொதிகலன் கட்டடத்தின் யன்னல்கள் எல்லாவற்றாலும் வெள்ளையாக நீராவி வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் மாறி, உங்களை மாற்றிவிட அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த சரத் அய்யே ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் உங்களைத் தூக்கி வந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். ஒரு சொல்லும் கதைக்க முடியாமலே போய்விட்டீர்கள்.

இனிச் சொல்லப்போவது நிலையத்துக்கும் விசாரணைக்கும் வெளியே அக்காவுக்கு மட்டுமே தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்த இரண்டாம் நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். பழைய ரோஸ்டர்களைத் திருத்தி அடிக்கச் சொன்னார். இப்படியே காட்டினால் நிலையத்தை மூடிவிடுவார்கள், எல்லார் வீட்டு அடுப்பும் அணையும், ஸ்டனி எழும்பி வந்தாலும் அவருக்கு வேலை இருக்காது என்றார். அவர் என்னை வெருட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தோளில் கை வைத்துத்தான் சொன்னார். நான் அடித்தேன். எட்டு மணித்தியால ஷிப்டுகள். இரண்டு சுப்பர்வைசர்களின் பெயரை இயக்குநர் இடத்தில் சேர்த்தேன். உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டேன். அதை அடித்துக்கொடுத்துவிட்டு, பின்னேரம் உங்கள் கட்டிலடியில் வந்து நின்றேன்.

விசாரணையின் முதல் அறிக்கை சிங்களத்தில் வந்தது. அக்கா அதை என்னிடம் தந்து தமிழில் சொல்லச் சொன்னார். போதிய ஓய்வு பெற்றிருந்த இயக்குநர் கடமை நேரத்தில் நித்திரை கொண்டதே காரணம் என்று எழுதியிருந்தது. நான் வாசித்து முடித்தேன்.

"ஓய்வோ? எந்த ஓய்வு?" என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அக்கா அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அந்தக் கடதாசியை மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"செத்தபிறகு அவருக்குக் கிழமைக்கு ரெண்டு நாள் லீவு குடுத்திருக்கிறாய். உயிரோட இருக்கேக்க ஒரு நாள் குடுக்க உனக்குக் கை வரேல்லை, என்ன?"

செத்தபிறகு இல்லை, அக்கா, அப்போது அவருக்கு உயிர் இருந்தது என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாள் அக்கா எனக்குக் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் உங்கள் போனைச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் அனுப்பிய ரோஸ்டர் படங்கள் எல்லாம் அதில் அப்படியே இருந்தன.

அந்தப் படங்களைக் காட்டி அக்கா கேட்டு வாங்கிய இரண்டாவது விசாரணைக்கு அக்காவும் நானும் போனோம். தலைவர் இரண்டு ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் நீர் அடித்தது எது என்று சிங்களத்தில் கேட்டார். இரண்டும் நான் அடித்ததுதான், சேர் என்றேன். மனேஜர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து சரத் அய்யேயைக் கூப்பிட்டார்கள். ஸ்டனி நித்திரை கொண்டாரா என்று கேட்டார்கள்.

"நான் அவரைத் தூக்கினது கதிரையிலயிருந்து இல்லை, சேர்," என்று அவர் தன் மொழியில் சொன்னார். "எண்ணெய் வால்வுக்குக் கீழயிருந்து. வால்வை அவர் பூட்டியிருந்தார், நெருப்பு எண்ணெய்த் தாங்கிக்குப் போகேல்லை. அவர் வாசல் பக்கம் ஓடியிருந்தா அவர் இருந்திருப்பார். நாங்கள் இருந்திருக்க மாட்டம்."

நீங்கள் கண் அசந்தீர்களா, அத்தான்? எனக்குத் தெரியாது. ஒரு நிமிசம் அசந்திருக்கலாம். ஏழாவது நாளாகப் பதினாறு மணித்தியாலம் நின்ற எவனுக்குத்தான் கண் அசராது? ஒரு மனிதன் இமை மூடினால் வெடிக்கும்படி ஒரு நிலையத்தை விட்டு வைத்தவர்கள் யாரென்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

கடைசி அறிக்கையில் "போதிய ஓய்வு" இல்லை. "இயக்குநரின் கவனயீனமும் சில நிர்வாகக் குறைபாடுகளும்" என்று இருக்கிறது. மனேஜரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், பெரிய அறையாம். வராமல் இருந்த பாகம், நீங்கள் போய் இரண்டு கிழமைக்குள் விமானத்தில் வந்து சேர்ந்தது. ஆவணத்தைப் பொய்யாக்கினேன் என்று கடிதம் தந்து என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தண்டிக்கப்பட்டது நான் ஒருவன்தான். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒருவர் வந்தார். உங்கள் இடத்துக்கு எடுத்த புது இயக்குநர். கட்டாருக்குப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன். "ஆக்கள் காணாது தம்பி, ரெண்டு பேற்ற வேலையை ஒருத்தன் பாக்க வேண்டியிருக்கு" என்றார். அவருடைய பெயரை ஒரு எழுத்தும் பிழைக்காமல் அடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"கவனயீனம்" என்ற சொல்லை நீக்கச் சொல்லி அக்கா மேன்முறையீடு போட்டிருக்கிறார். கூப்பிடும் ஒவ்வொரு தவணைக்கும் நான் போவேன், என் பொய்யையும் சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிறு, இது அச்சில் வருவதற்கு முதல், ஷெனாலியைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்கு, உங்கள் கல்லறையடிக்கு வருவேன். அவளுடைய மாமா என்ன செய்தார் என்பதை என் வாயாலேயே சொல்வேன். அதன் பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிடுகிறாளோ, அது அவளுடைய முடிவு.

உங்களுக்கு லீவு அடித்த மச்சான்,
டெரன்ஸ்