நீ பிடித்த கொடுவா

மாமு,

இன்று காலை காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் பலகையின் மேல் ஒரு கொடுவாவைக் கிடத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நல்ல மீன். பார்த்ததும் எனக்கு வாய் ஊறவில்லை, வயிறுதான் எரிந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்னும் கொடுவாவைக் கண்டால் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

படகு கிடையாது, கூட்டிப்போக ஆள் கிடையாது, நாமே போய் நாமே பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தவன் நீ. எண்ணூர் முகத்துவாரத்தின் கரை யாருக்கும் சொந்தமில்லை, தூண்டிலோடு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். என்றைக்குப் போவது என்பதுதான் கேள்வி. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மழை கொட்டும்போது போனால் ஆறு கலங்கிக் கிடக்கும். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் மீன் இரை எடுக்காது. இடையில் தண்ணீர் தெளியத் தொடங்கும் சில நாட்கள்தான் தோது. அதிலும், ஆற்றுக்குள் ஏறிய கடல் திரும்ப இறங்கும் நேரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பொடி மீன்கள் இழுபட்டு வரும், கொடுவா வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். மழை விடும்வரை நான் வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். நீயோ துறைமுகக் கேண்டீனில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "மாமு மீனுக்கு முகூர்த்தம் பாத்துகினு கீறான்" என்று சொல்லிச் சிரித்தாய்.

கடல் ஏறி இறங்கும் நேரத்துக்கு நான் நம்பியது நம் துறைமுக அலுவலகத்தில் எழுதிவைக்கும் பலகையை. கப்பலே அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறது, மீன் வராதா என்ற நினைப்பு. துறைமுகத்தில் வேலை செய்கிறவன்தான் இப்படி ஏமாறுவான்.

விடியும்போது நான் கரையில் நின்றேன். நீ இல்லை. போன் செய்தால், "வந்துகினே கீறேன் மாமு, வழியெல்லாம் கண்டெய்னர் லாரி, ஒரே பேஜாரு" என்றாய். உனக்குப் பின்னால் தோசைக்கல் சத்தம் கேட்டது. பலகைப்படி கடல் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கண்ணெதிரே தண்ணீர் இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. நான் பலகையை நம்பினேன், தண்ணீரை நம்பவில்லை. உயிர் இறாலைக் கோத்துக் கோத்துப் போட்டேன், எல்லாவற்றையும் நண்டுதான் தின்றது. வெயில் ஏறியது. வெறுத்துப்போய்த் தூண்டிலை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது, வடகறி மணக்கும் கையோடு நீ வந்து இறங்கினாய்.

"நேரம் போச்சுடா, கெளம்பு."

"இம்மாந்தூரம் வந்துட்டேன், ரெண்டு தபா போட்டுட்டு வர்றேன். நீ போய்கினே இரு."

போய்விட்டேன். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்ததால் ஆற்றுக்குள் எல்லாமே தாமதமாகத்தான் நடக்கும் என்பதும், சரியான நேரம் நீ வந்த பிறகுதான் தொடங்கியது என்பதும் பிற்பாடுதான் விளங்கியது. மதியம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். தோளில் கொடுவா, அதன் வால் உன் இடுப்பைத் தொட்டது. "என் மாமு பாத்துக் குட்த்த நாளு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாய். புகழ்ச்சிதான், எனக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. தலையை எங்களுக்கே கொடுத்தாய். என் வீட்டுக்காரி குழம்பு வைத்தாள். பசியில்லை என்று நான் எழுந்துவிட்டேன். அந்தக் குழம்பைப் பற்றி என் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

அதன் பிறகு எத்தனையோ முறை சேர்ந்து போனோம். இருவருக்குமே கொடுவா மாட்டவில்லை. ஆனால் நீ ஒன்றைப் பிடித்தவன். அந்தத் தெனாவட்டில் தூண்டிலை நட்டுவிட்டு மணலில் மல்லாந்து தூங்குவாய். என்னால் கண்ணை மூட முடியாது. நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகூட யாரோ அந்த மீனைப் பற்றித்தான் பேசினார்கள். அழுதுகொண்டே பொறாமைப்பட்டேன்.

போன மழைக்குப் பிறகு தனியாகப் போனேன். பலகையைப் பார்க்கவில்லை. தண்ணீர் திரும்பும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். திரும்பிய கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. கொடுவா. உன்னுடையதைவிடப் பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வயிறெரிய வேண்டிய ஆள் இல்லை.

நேரே இராயபுரத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல மீனுண்ணா. ஆனா அவரு புட்ச்சது இத்தவிடப் பெருசு. இல்லண்ணா?"

செத்தவன் பிடித்த மீன் வளர்ந்துகொண்டே போகிறது, என்ன செய்ய? அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. அது பெருசுதான்."

பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு, தண்டையார்பேட்டையில் என் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த வயதில் புதிதாக இன்னொருத்தனைப் பிடித்துப் பொறாமைப்பட எனக்கு மனசு இல்லை. அதற்கு நீ ஒருத்தன்தான், மாமு.