கப் கழுவிய கதை

4 மார்ச் 2025, செவ்வாய்

எங்கள் கம்பெனியை வாங்கிய ஸ்வீடன்காரர்களின் பெரிய தலை க்ளென், இன்று எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு வந்தார். சார் போடக்கூடாதாம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். காபி குடித்துவிட்டு நேராகப் பேன்ட்ரிக்குப் போய்த் தன் கப்பைத் தானே கழுவி வைத்தார். ஆபீசே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஒன்பது வருஷமாக எங்களுக்கு டீ கொடுக்கும் காந்தா மட்டும் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார். "கப்புல ஏதாச்சும் அழுக்கு இருந்துச்சா சந்திரன் சார்?"

11 மார்ச்

ஸ்வீடனிலிருந்து சர்வே. பெயர் வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள் என்கிறார்கள். மனதில் பட்டதை எழுதிவிட்டு வேலைக்கு எங்கே போவது? 'அவரவர் கப்பை அவரவர் கழுவும் பழக்கம் அருமை, இங்கேயும் வரவேண்டும்' என்று எழுதி வைத்தேன். ஐஸ் வைக்க நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

27 மார்ச்

பேன்ட்ரியில் கப் கழுவ வரிசை. வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத நானும் நிற்கிறேன். என் மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

16 ஏப்ரல், புதன்

மெயில் வந்திருக்கிறது. பெங்களூரில் முப்பத்தோரு பேர் கப் கழுவுவதைப் பாராட்டி எழுதினார்களாம். 'உங்கள் விருப்பத்தை மதித்து' பேன்ட்ரி வேலையை இம்மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். காந்தாவிடம் சொல்ல வேண்டியவர் அட்மின் மேனேஜர். அதாவது நான்.

முப்பத்தோரு பேர்! நான் ஒருத்தன் மட்டும் இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை.

17 ஏப்ரல்

க்ளெனோடு வீடியோவில் பேசினேன். உங்களைக் குளிர்விக்கத்தான் அப்படி எழுதினோம் என்று போட்டு உடைத்துவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். "நினைக்காததை ஏன் எழுதினீர்கள்?" என்றார். காந்தாவை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் கேட்பாராம். காந்தா வேண்டும் என்று எல்லார் முன்னாலும் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்கூடப் போதும், உத்தரவை ரத்து செய்கிறேன் என்றார்.

ஒரே ஒருவர்.

22 ஏப்ரல், செவ்வாய்

காலையில் ஹெச்.ஆர். வீணா காதோடு சொன்னார்: "க்ளென்கிட்ட தனியா பேசினதே போதும். அடுத்து அட்மின்லதான் ஆள் குறைக்கப் போறாங்க. வாய மூடிட்டு இருங்க சந்திரன்."

க்ளென் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். அறுபது பேரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஏன்டா சந்திரா, நீ பேசல? மைக் உன் முன்னாலதானே இருந்துச்சு? நாப்பத்தெட்டு வயசுல வெளிய போனா எவன் வேலை குடுப்பான் — காந்தாவுக்கும் அதே வயசுதான்.

23 ஏப்ரல்

காந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கொடுத்த டீயையும் குடிக்கவில்லை.

30 ஏப்ரல், புதன்

திங்களன்று ஒருவழியாகச் சொன்னேன். இன்று கடைசி நாள். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்று நாலு மணிக்கே கிளம்பினார். போகுமுன் என் மேஜையருகே வந்து நின்றார்.

"வீணா மேடம் சொன்னாங்க சார். எனக்காக நீங்க ஒருத்தர்தான் அந்த வெள்ளக்காரர்கிட்ட பேசினீங்களாமே. எங்களுக்கெல்லாம் யார் சார் பேசுவாங்க?"

கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். "இருக்கட்டும்மா" என்றேன்.