உத்தரத்தில் தொங்கிய பாரம்

ஆரம்பாக்கம்
7-9-1975, ஞாயிறு

அன்பு மகள் கிருபாவதிக்கு,

நைனா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கோயிலில் ஜெபம் பண்ணிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இன்சூரன்ஸ் விஷயமாக நான் எழுதியதற்கு மாப்பிள்ளையின் பதில் ஆகஸ்ட் 23ஆம் தேதி கிடைத்தது. கூரை சரியில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியே சொல்லும்போது உன்னைப் பிரசவத்துக்கு இங்கே அனுப்ப மனம் வரவில்லை, பிலாய் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் வரவில்லையா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும், உன்னை ஒன்றரை வருஷமாகப் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு ஏக்கம். பதினைந்து நாளாக நான் பதில் போடாததற்குக் காரணம், முடியாத காரியத்தை முடிந்துவிட்டதாக எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

சமையலறை கட்டக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் தீரும்வரை வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி, உனக்குத் தெரியும். இந்த வருஷம் புதுப்பிக்கிறதற்கு முன்னால் கூரையைப் பார்க்க வேண்டும் என்று ஜூலை 9ஆம் தேதி ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறவில்லை. கூரை ஓரத்தில் ஒரு சீமை ஓட்டை உருவித் திருப்பினார், யானை முத்திரைக்குக் கீழே 1882 என்று அச்சு இருந்தது, அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நடு அறைக்குள் வந்து பனை உத்தரத்தில் கயிறு தேய்ந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாம்மா தொங்க உட்டீங்க, இப்படித் தேஞ்சிகீது" என்று கேட்டார். உன் அம்மா, "எம் பொண்ணத்தான் சார், ரெண்டு வருசம் தூளியில அங்கதான் தொங்கிக்கினு இருந்தா" என்றாள். அவர் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. கூரை 93 வருஷம் பழையது, ஓட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட வேண்டும், உத்தரத்தில் அதிக பாரம் தொங்க விடுவதை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பாலிசி கிடையாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல உன் அம்மா, "பொறந்தப்போ அஞ்சு ராத்தல் இல்ல எம் பொண்ணு, அது பாரமாம்" என்று ஆரம்பித்தாள். ஷீட் என்றதும், "அந்த ஊட்டுல பச்சப் புள்ளைய போட்டா வெந்துடும்யா, இன்னா பேசறானுங்க" என்று அடுப்பை விட்டே எழுந்து வந்துவிட்டாள். இந்த ஓடு 1961இல் நான் போட்டது. ஓடு எடுத்துக் கொடுக்கிறேன் என்று வந்து நீ விரலை நசுக்கிக்கொண்டு அழுதாய், அப்போது உனக்கு எட்டு வயசு. ஆனால் அதற்கு ரசீது எங்கே என்று கேட்டால் என்னிடம் இல்லை.

ஓடு மாற்றுகிற தேசப்பனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் பார்த்த உடனே சிரித்தான். "அண்ணே, அது ஓட்டுக் கம்பெனி பொறந்த வருசம், ஓடு பொறந்தது இல்ல, இன்னிக்கி வாங்கினாலும் அதேதான் போட்டிருக்கும்" என்றான். அதே நாள் மேலே ஏறி ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்த்தவன், ஓடு எல்லாம் கணீரென்று இருக்கிறது என்றான். இறங்கும்போது உத்தரம் கிழக்குச் சுவருக்குள் போகிற முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினான், பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. கரையான். இது ஓலை வேய்ந்திருந்த காலத்தில் வைத்த உத்தரம், நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். முனை போனதை நான் உன் அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26ஆம் தேதி ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டிக் கடையில் அதே முத்திரையில் புது ஓடு ஒன்று வாங்கி ரசீதும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் டைம் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, ஓட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறித் திருவள்ளூரில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். எதிரில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு எத்தினி மாசம் பெரியவரே, மூஞ்சிய மூடாத, காத்து உடு" என்றாள். நான் துண்டை விலக்கிக் காட்டியதும் அந்தப் பெட்டியே சிரித்தது.

ஆபீசில் பெரிய அதிகாரி ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "1882, அடேயப்பா, புதுசு மாதிரி கீதே" என்றார். நான் ரசீதை எடுத்து வைத்தேன், முந்தின நாள் தேதி. அந்தச் சின்ன இன்ஸ்பெக்டருக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று. அவரை நான் குறை சொல்லவில்லை, அச்சில் இருந்தால் நானும் நம்புகிறவன்தான். அதிகாரி அந்த 93ஐ அடித்து 14 என்று எழுதி, ஷீட் வேண்டாம் என்றும் எழுதி, ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதில் ஒன்பதாவது கேள்வி, கூரையில் உமக்குத் தெரிந்த பழுது ஏதாவது உண்டா என்பது. உத்தரத்தில் முனை போயிருக்கிறது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க ஆளு பாக்கல, நீங்களும் பாக்கல, இல்லன்னு எழுதிட்டுக் கெளம்புங்க, மூணு மணிக்கு வண்டி கீது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இல்லை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே மாப்பிள்ளைக்கு, கம்பெனியே ஒப்புக்கொண்டது, பெண்ணை அனுப்புங்கள் என்று கடிதம் போட்டிருக்கலாம். நீயும் வந்து அந்த உத்தரத்துக்குக் கீழேதான் பாய் போட்டுப் படுப்பாய். நான் உண்டு என்று எழுதி, எந்த முனை என்றும் எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அக்டோபர் 10ஆம் தேதிக்குள் உத்தரத்தை மாற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகு பாலிசி, என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா, "ஓட்டுக்கு வழக்காடி ஜெயிச்சிட்டு உத்தரத்த நீயே காட்டிக் குடுத்துட்டு வந்துகீறியே, எம் பொண்ணு வராம பண்ணிட்டியே" என்று அழுதாள். இரண்டு நாள் பேச்சு இல்லை, சோறு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளே முக்காலி போட்டு ஏறி, கரண்டிக் காம்பால் அந்த முனையைக் குத்திப் பார்த்தாள். மாவு மாதிரிக் கொட்டியது. இறங்கி முந்தானையைத் தட்டிக்கொண்டு, "பொன்னேரிக்கு மரம் வாங்க எப்போ போற" என்று மட்டும் கேட்டாள்.

வேங்கை மரம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, பத்தரை அடி. சுவருக்குள் போகிற இரண்டு முனைக்கும் தார் பூசிக் காய்கிறது. நாளைக்குக் காலையில் தேசப்பன் நடு அறை ஓட்டை மட்டும் பிரிக்கிறான், ஆசாரி கலியன் உத்தரம் ஏற்றுகிறான், நாலு நாள் வேலை என்கிறார்கள், நான் ஆறு நாள் என்று வைத்துக்கொள்கிறேன். மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. வேலை முடிந்ததும் தந்தி அடிக்கிறேன், அது வந்த பிறகு மாப்பிள்ளை டிக்கெட் எடுத்தால் போதும். எனக்காக அவசரப்பட வேண்டாம், அவருக்கு மனசு ஒப்பினால்தான் வர வேண்டும், அவர் பயந்தது நியாயம், முனை போயிருந்தது உண்மைதானே. துணையில்லாமல் வராதே. நாக்பூரில் வண்டி மாறும்போது படிக்கட்டில் ஓடாதே, கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கு. மதராஸ் வரை போய்த் திரும்ப வேண்டாம், கூடூரில் இறங்கிவிடு, நான் பிளாட்பாரத்தில் இருப்பேன்.

நேற்று கலியன் மரத்தைத் தரையில் போட்டு இழைக்கும்போது, கயிறு கட்டினால் இதுவும் தேயும், இரும்பு வளையம் போட்டுவிடுகிறேன் என்றான். எந்த இடம் என்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அளந்து காட்டினாள். அக்டோபர் 10ஆம் தேதி அந்த இன்ஸ்பெக்டர் வருவார், வளையத்தைப் பார்த்து இதில் என்ன தொங்க விடப் போகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். நீ வந்துவிட்டால் உன் அம்மா வாய் திறக்க வேண்டியதில்லை, உன்னைப் பார்த்தாலே அவர் எழுதிக்கொள்வார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் ஆண்டவர் ஆயுசையும் சுகத்தையும் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வை. கூடூர், மறக்காதே.

உன் மேல் உயிரான நைனா,
தானியேல்

அம்மா கங்கம்மா பக்கத்தில் இருந்து முழுவதும் கேட்டாள், அழுததை எழுதியிருக்க வேண்டாம் என்கிறாள்.